கோப்ரா நகல் கார்: எஞ்சினுக்கு முன் செய்ய வேண்டியவை

1960களின் ஷெல்பி கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரைப் போன்ற ஒன்றை, அமெரிக்காவின் ஃபேக்டரி ஃபைவ் நிறுவனத்தின் கிட்டை (உதிரிபாகத் தொகுப்பை) வாங்கி வீட்டிலேயே கட்டப் புறப்படுகிறவர்களுக்கு எஞ்சின் மீதுதான் கண் இருக்கும். அது காத்திருக்கட்டும். முதலில் பெட்டிகளைத் திறந்து, உதிரிபாகங்களைப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். விடுபட்டதை உடனே கேட்டு வாங்கிவிடலாம்.

அடுத்து, சட்டகத்தில் தற்காலிகமாகத் திருகப்பட்டு வரும் அலுமினியத் தகடுகள். கழற்றுமுன் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். ஒவ்வொரு தகட்டின் பின்புறமும் மார்க்கரால் பெயர் எழுதி, சட்டகக் குழாய் படியும் இடத்தைக் கோடிட்டு வையுங்கள். தகட்டைச் சட்டகத்தோடு பிணைக்கும் ரிவெட் ஆணிகளுக்குத் துளையிடும்போது அந்தக் கோடுதான் துணை. (சோம்பல்பட்டால் இடது எது, வலது எது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.)

ரசீதுகளையும் கிட்டோடு வரும் உற்பத்திச் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள்; காரைப் பதிவு செய்யும்போது கேட்பார்கள்.