காலையில் முதல் தண்ணீர் வாளிக்கு

பினாங்கு ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் இருப்பவர்கள், காலையில் பைப்பைத் திறந்ததும் கெண்டியை நீட்டாதீர்கள். முதல் இரண்டு மூன்று நிமிடத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொண்டு, அப்புறம் வருவதைக் குடிக்க எடுங்கள். பழைய ஈயப் பற்றவைப்பிலிருந்தும் பித்தளை பைப்பிலிருந்தும் ஈயம் (lead என்ற நச்சு உலோகம்) கரைவது இரவெல்லாம் அசையாமல் நிற்கும் தண்ணீரில்தான் அதிகம், அதற்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. கொதிக்க வைத்தால் போதும் என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு! கிருமி சாகும், ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடத்தான் செய்யும். ஹீட்டர் சுடுநீரில் மைலோவும் கலக்க வேண்டாம், சூட்டில் ஈயம் வேகமாகக் கரையும்.

குளிக்க, துணி துவைக்க இதெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குழாயே ஈயம் என்றால் இந்த வித்தை பத்தாது, குழாயை மாற்றும்வரை ஈயத்தை நீக்கும் சான்று உள்ள ஃபில்டர் வேண்டும், கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் வீட்டில் கட்டாயம்.