கல்லூரியில் சேரும் முன் ஒரு காலைப் பயணம்

கல்லூரி சீட்டுக்குப் பணம் கட்டும் முன், ஒரு வேலை நாளில் காலை வகுப்பு நேரத்துக்குச் சரியாக, வீட்டிலிருந்து கல்லூரி வாசல் வரை பஸ்ஸிலேயே போய்ப் பாருங்கள். தூரத்தைவிட மாறி ஏறுவதுதான் நேரத்தைத் தின்னும். மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள்: உசிலம்பட்டி பஸ் பெரும்பாலும் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும். கல்லூரி தெப்பக்குளம் பக்கம் என்றால் ஊரின் மறுகோடிக்கு இன்னொரு டவுன் பஸ், அதுவும் பள்ளிப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு வரும் நேரத்தில். அதே உசிலம்பட்டிப் பிள்ளைக்கு நாகமலை, தேனி ரோட்டுக் கல்லூரிகள் வழியிலேயே இருக்கின்றன. மூன்று வருடம் தினமும் போகிற பாதை இது.

மே விடுமுறையில் போனால் கணக்குத் தப்பும். பள்ளி திறந்தபின் போங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் போனால் எந்தக் கல்லூரியும் பிடிக்காது! ஹாஸ்டலில் தங்குபவர்களுக்கும், ஊருக்கே கல்லூரி பஸ் வருபவர்களுக்கும் இது தேவையில்லை.