தெருவோரம் பழமரம்: எதை நடுவது, எங்கே, எப்படி

நகரத் தெருவில் பழமரம் நடலாமா என்று கேட்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, பழுத்ததும் யார் பறிப்பார்கள் என்பதைத்தான். புது தில்லியின் பழைய சாலைகளில் பிரிட்டிஷ் ஆட்சியில் வரிசையாக வைத்த நாவல் மரங்கள் இன்றும் காய்க்கின்றன. பறிக்கும் உரிமையை அங்கே நகராட்சி ஏலம் விடுகிறது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைப் புளிய மரங்களின் மகசூலும் ஏலம் போவதுதான். பறிக்க ஆள் இல்லாத தெருவில் அதே நாவல், ஜூன், ஜூலையில் நடைபாதையை வழுக்கலாக்கும். துணியிலும் காரிலும் கறை பிடிக்கும். இரண்டு மூன்று நாள் அள்ளாமல் விட்டால் பழம் புளித்து ஈ மொய்க்கும்.

நிழல், பறவைகளுக்கு இரை, தெருப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் பழம் என்று லாபம் பெரிது. ஆனால் எல்லா மரமும் எல்லாத் தெருவுக்கும் ஆகாது. அகலமான சாலைக்குப் புளி மிக நல்லது: கிளை உறுதி, காய்ந்து விழும் பழம் வழுக்காது. நாவலுக்கும் இடம் வேண்டும், மரத்துக்கு மரம் 8 முதல் 10 மீட்டர். குறுகலான தெருவில் மகிழ மரம் 5, 6 மீட்டர் இடைவெளியில் அடர்ந்த நிழல் தரும், அதன் சிறு பழமும் தொல்லை செய்யாது. நெல்லி வைத்தால் இரண்டு ரகமாக வையுங்கள், தனி மரம் சரியாகக் காய்க்காது. காய்ப் பாரத்தில் அதன் கிளை ஒடியும் என்பதால் வண்டி நிறுத்தும் இடத்தில் வேண்டாம். தென்னையும் விளாவும் நடைபாதைக்கு மேல் கூடவே கூடாது. தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. முருங்கை காற்றில் முறியும். சாலை நடுத்திட்டில் எந்தப் பழமரமும் வைக்காதீர்கள், பழத்துக்காகப் பிள்ளைகள் சாலையின் குறுக்கே ஓடுவார்கள்.

மாநகராட்சியின் அனுமதி வாங்கிய பிறகு, மண்ணுக்கு அடியில் என்ன போகிறது என்று விசாரியுங்கள். பாதாளச் சாக்கடை, குடிநீர்க் குழாயிலிருந்து 2 மீட்டராவது தள்ளிக் குழி எடுக்க வேண்டும். மேலே மின்கம்பி இருந்தால் உயர்ந்து வளரும் மரத்தை அங்கே வைக்காதீர்கள். கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் ஆண்டுதோறும் வெட்டினால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து, புயலில் மரம் எளிதில் விழும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழி 3 அடி நீளம், அகலம், ஆழம். நகர மண்ணில் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியும் கிடக்கும், அவற்றை முழுக்க அகற்றுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, குழிக்கு 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு. தெருவுக்கு ஒட்டுக்கன்று வேண்டாம்: சீக்கிரம் காய்க்கும், ஆனால் தாழ்வாகக் கிளை பிரிந்து வழியை மறிக்கும். நேரான தண்டுள்ள, 6 அடிக்கு மேல் வளர்ந்த விதைக்கன்றாகப் பாருங்கள். நாவல் விதைக்கன்று காய்க்க 8 முதல் 10 ஆண்டு ஆகும். பையைக் கிழித்ததும் சுருண்டு கிடக்கும் வேர்களை வெட்டிவிடுங்கள். விட்டால் பின்னாளில் அவையே தண்டை இறுக்கும். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்து தரைமட்டத்தில் இருக்கட்டும், புதைக்காதீர்கள். சென்னைப் பக்கம் செப்டம்பரில் நட்டால் வடகிழக்கு மழைக்கு முன் வேர் பிடிக்கும். இரண்டு மூங்கில் கழி ஊன்றிக் கயிற்றைத் தளர்வாகக் கட்டி, ஓராண்டில் அவிழ்த்துவிடுங்கள். ஆடு மாடு தொடாமல் கூண்டும் வேண்டும்.

பெரும்பாலான கன்றுகள் சாவது முதல் கோடையில். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 20 லிட்டர் தண்ணீர், மேலே காய்ந்த இலை மூடாக்கு. பக்கத்து வீட்டில் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்காத கன்று பிழைப்பது அரிது. அடுத்த எதிரி பேவர் பிளாக். தண்டு வரை பதித்தால் நீரும் காற்றும் வேருக்குப் போகாது, வேர் கல்லைத் தூக்கிவிடும், பழி மரத்தின் மேல் விழும். தில்லி மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொல்லித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013லேயே உத்தரவிட்டது. உங்கள் தெருவிலும் அந்த அளவைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் ஆண்டிலிருந்து கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவது. நடைபாதைப் பக்கம் 2.5 மீட்டர், வண்டிப் பக்கம் 5 மீட்டர் உயரம் வரை கிளை இல்லாமல், பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஒரே தடவையில் கால் பங்கு இலைக்கு மேல் வெட்டாதீர்கள். உச்சியை மொட்டையடித்தால் வெட்டு அழுகி, அதன்மேல் வரும் துளிர் பலமில்லாமல் ஒடியும்.

நாவல் மரத்தில் யாரையும் ஏற விடாதீர்கள், பருத்த கிளைகூட மளுக்கென்று முறியும். நாலு பேர் கீழே வலையோ தார்ப்பாயோ விரித்துப் பிடிக்க, நீளக் கழியால் கிளையைக் கொக்கி போட்டு உலுக்கினால் பழம் நசுங்காமல் சேரும். பழக் காலம் முழுக்க அதிகாலையில் ஒரு முறை பெருக்க வேண்டும். அந்த வாரங்களில் மரத்தடியில் வண்டி நிறுத்த வேண்டாம் என்று பலகை வையுங்கள். பூச்சி மருந்து மட்டும் அடிக்காதீர்கள், நடந்து போகிறவர்கள் மேலும் வீட்டு ஜன்னலுக்குள்ளும் படியும்.

புகை படிந்த பழத்தைத் தின்னலாமா என்ற பயம் பலருக்கு உண்டு. சாலையோரக் கீரையில் படியும் அளவுக்குப் பழத்தோலில் தூசு தங்காது. ஓடும் தண்ணீரில் இரண்டு முறை கழுவித் தின்னுங்கள். குப்பை எரிக்கும் மூலையில் நிற்கும் மரத்தின் பழத்தைப் பறவைகளுக்கு விட்டுவிடுங்கள்.