அழுகை அடங்கட்டும், பிறகு பேசலாம்

என் மகளுக்கு 3 வயது. அடுக்கிய கட்டைகளைத் தம்பி தட்டிவிட்டால் தரையில் புரண்டு அழுவாள். முதலில் நானும் "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று அதட்டினேன். அழுகை கூடியதுதான் மிச்சம்.

இப்போது பக்கத்தில் முட்டி போட்டு, அவள் கண் உயரத்துக்கு வருவேன். "கட்டை விழுந்துடுச்சுன்னு கோபமா இருக்கா?" அவ்வளவுதான் கேட்பேன். தனக்குள் நடப்பதற்கு ஒரு பெயர் கிடைத்தாலே பிள்ளைக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். அழும்போது புத்திமதி வேண்டாம், காதில் ஏறாது. தன்னை அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக வளரவே 20 வயது தாண்டிவிடும். 3 வயதில் அதை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

அடிக்கக் கை ஓங்கினால் மட்டும் மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: "கோபப்படலாம், அடிக்கக் கூடாது."

விசும்பல் நின்று தோளில் சாய்ந்த பிறகுதான், "தம்பிகிட்ட எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்பேன். போன வாரம் அவளே கையை நீட்டித் தடுத்து, "இது என்னோடது, நீ அப்புறம்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பொம்மையைப் பிடுங்கிப் பகிரச் சொல்லாதீர்கள். "அக்கா முடிச்சதும் உன் முறை" என்றால் சின்னவனுக்கும் புரியும். நீங்கள் கத்திவிட்ட நாளில், "அம்மா சத்தம் போட்டது தப்பு" என்று பிள்ளையிடமே சொல்லுங்கள்.