எலுமிச்சை ஜூஸுக்கு சுக்ரலோஸ் கரைசல்: அளவு தப்பாமல் செய்யும் முறை

வேலூர் மே மாத வெயிலில் எலுமிச்சை ஜூஸோ நன்னாரியோ கேட்காத நாவு இல்லை. சுகர் உள்ளவர்களுக்கும் அதைக் கலந்து தர, சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி கைகொடுக்கும். சர்க்கரையைவிட ஏறக்குறைய 600 மடங்கு இனிப்பு என்பதால், ஒரு டம்ளருக்கு 20 முதல் 25 மில்லிகிராம் போதும். அதைக் கரண்டியில் அள்ளவே முடியாது. விரல் நுனியில் ஒட்டும் தூளே கூடுதலாகிவிடும். ஆகவே முதலில் கரைசல்.

1. கலப்பில்லாத சுக்ரலோஸ் தூள் வாங்குங்கள். சிறு பாக்கெட்டுகளில் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துத் தூள் கலந்திருக்கும். இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

2. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசில் 1 கிராம் நிறுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், காற்றில் எண் ஆடும்.

3. கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லியாக்குங்கள். இனி 1 மில்லியில் 10 மில்லிகிராம், அதாவது சுமார் 6 கிராம் சர்க்கரையின் இனிப்பு. ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சர்க்கரைப் பாகுபோல இது தானாகக் கெடாமல் நிற்காது.

4. ஊசியில்லாத சிரிஞ்சில் 2 மில்லி எடுத்து, 200 மில்லி எலுமிச்சை ஜூஸில் கலந்து, ஒரு சிட்டிகை உப்பு போடுங்கள். இந்த இனிப்பு நாக்கில் சற்றுத் தாமதமாக ஏறி, நெடுநேரம் தங்கும். முதல் வாயிலேயே போதவில்லை என்று ஊற்றினால் திகட்டிவிடும். நான்கு வாய் குடித்த பிறகு, வேண்டுமானால் அரை மில்லி.

நன்னாரிக்கு வேரை இடித்துக் கொதிக்கவைத்த நீரையே எடுங்கள். கடை சர்பத்தில் சர்க்கரை ஏற்கனவே இருக்கிறது.

ஆற்காடு மக்கன் பேடாவை இதில் செய்துபார்க்க ஆசை வரும். வேண்டாம். இனிப்பு வரும், பாகு வராது; கம்பிப் பதத்துக்குச் சர்க்கரையின் கனம் வேண்டும். பொரிக்கும், பேக் செய்யும் பண்டங்களிலும் தவிருங்கள். 120 டிகிரிக்கு மேல் சுக்ரலோஸ் சிதையத் தொடங்கும்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ எடைக்கு 30 மில்லி கரைசல். உடல் எடையைக் குறைக்க இதுபோன்ற இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது.

பாட்டிலில் "சர்க்கரை அல்ல" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இன்சுலின் போடுபவருக்குச் சுகர் இறங்கி, வேர்த்து நடுங்கும்போது இந்த ஜூஸ் துளியும் உதவாது. அந்த நேரத்துக்குக் குளுக்கோஸ் தூள் தனி டப்பாவில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.