ஈஸ்டர் பந்தியில் நனிசைவம்: எங்கே பிசகுகிறது?

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் முடிந்து வீடே பிரியாணி மணக்கும் நாளில், நனிசைவம் (வீகன்) சாப்பிடுகிற விருந்தாளியின் இலையில் மட்டும் சாம்பார் சாதமும் தயிர்ப் பச்சடியும் விழும். இதில் தவறு இரண்டு. பண்டிகை அன்றைக்கு அவருக்கு மட்டும் தவக்காலச் சாப்பாடு. அதிலும் தயிர்! சைவம் வேறு, நனிசைவம் வேறு. பால், தயிர், நெய், தேன் எதுவும் ஆகாது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளியைப் பார்த்து ஏமாற வேண்டாம். பால் பவுடர் போட்ட பிஸ்கட்டுக்கும் அதே புள்ளிதான்.

பலாக்காய் பிரியாணி செய்தால் பந்தி நிறையும். கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவாமல் நறுக்கினால் காயின் பால் பிசினாக ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது. மஞ்சள், உப்பு போட்டு முக்கால் பதம் வேகவையுங்கள். முழுக்க வெந்தால் தம்மில் நார் நாராகப் பிரிந்துவிடும். தண்ணீரை வடித்து, ஓரம் சிவக்க எண்ணெயில் வதக்காவிட்டால் பச்சை வாடை நிற்கும். தயிர்ப் புளிப்புக்கு எலுமிச்சை போதும். அதைக் காயில் பிசறி ஊறவையுங்கள். கொதிக்கும் தேங்காய்ப்பாலில் பிழிந்தால் திரிந்துவிடும்.

அரிசி குழைவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்குதான். 20 நிமிடம் ஊறிய சீரகச் சம்பா ஒரு டம்ளருக்குத் திறந்த பாத்திரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர். மணத்துக்கென்று அதன்மேல் அரை டம்ளர் தேங்காய்ப்பால் ஊற்றினால் பொங்கல்தான் கிடைக்கும். தண்ணீர் ஒன்றரை, பால் அரை. சனி இரவு ஈஸ்டர் வழிபாடான பாஸ்கா திருவிழிப்புக்குப் போகுமுன் பிழிந்து வெளியில் வைத்த பால், வெக்கையில் விடிவதற்குள் புளித்துவிடும். காலையில் பிழியுங்கள்.

முட்டையில்லாத கேக் உப்ப, ஒன்றரை கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர். வினிகர் விட்டதும் அடுப்பில் ஏற்ற வேண்டும். கலந்து வைத்துவிட்டுக் குக்கரைச் சூடாக்கினால் குமிழெல்லாம் அடங்கி, கேக் களியாக இருக்கும்.

ஈஸ்டர் சாயமுட்டைக்குப் பதில் நெல்முளைத் தட்டு வைக்கலாம். மண்ணில் விழுந்த மணியைப் பற்றிய இயேசுவின் வார்த்தைக்கும் பொருந்தும், டெல்டாவுக்கும் பொருந்தும். ஆலையில் புழுக்கிய நெல் முளைக்காது; விதைநெல் வேண்டும். மருந்து கலந்த விதையைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறான குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளி காலை ஊறப்போட்டு, சனி காலை வடித்து ஈரச்சாக்கில் கட்டினால், அந்த ஞாயிறு காலை வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். மண்சட்டியில் தூவிவிடுங்கள். ஈஸ்டருக்குள் பச்சை கட்டிவிடும். தண்ணீர் தேங்கினால் முளை அழுகும். காலை, மாலை கையால் தெளித்தால் போதும்.