இலகு ரயில் அமைப்புகளுக்குப் பொதுத் தரநிலைகளை வகுக்கும் முறை

ஒரு நாட்டில் நான்கைந்து நகரங்கள் இலகு ரயில் அல்லது டிராம் ஓட்டினால், அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு உற்பத்தியாளரின் வண்டிகளைக் கொண்டு தொடங்கப்பட்டிருப்பதே வழக்கம். பெருந்தட ரயில்வேயின், அதாவது ஊர்களை இணைக்கும் வழக்கமான ரயில்களின், விதிகளை அப்படியே எடுத்து இவற்றின் மீது போர்த்த முடியாது. சாலையில் பிற வாகனங்களோடு கலந்து, பெரும்பாலும் ஓட்டுநரின் கண்பார்வையை நம்பியே டிராம் ஓடுகிறது. ஆகவே இத்துறைக்கென்று தனித் தரநிலைகள் தேவை. அவற்றை எழுதத் தொடங்கும்போது வண்டியின் வடிவமைப்பிலிருந்து அல்லாமல், நேர்ந்த விபத்துகளிலிருந்தும் நேராமல் தப்பியவற்றிலிருந்தும் தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

இதற்குச் சான்று, லண்டனின் குராய்டன் டிராம் அமைப்பில் 2016 நவம்பர் 9 அன்று நேர்ந்த விபத்து. மணிக்கு 20 கி.மீ. வேக வரம்பு கொண்ட சாண்டிலேண்ட்ஸ் வளைவில் ஏறத்தாழ 73 கி.மீ. வேகத்தில் நுழைந்த டிராம் கவிழ்ந்து 7 பேர் உயிரிழந்தனர். சில நாட்களுக்கு முன்புதான் அதே வளைவை வேறொரு டிராம் மிகை வேகத்தில் கடந்து, கவிழாமல் தப்பியிருந்தது. விசாரணை அறிக்கையின் பரிந்துரைகளுள் ஒன்று, நாடு முழுவதற்குமான பொதுத் தரநிலைகளையும் நல்ல நடைமுறைகளையும் வகுக்க ஓர் அமைப்பை உருவாக்க வேண்டும் என்பது. இலகு ரயில் பாதுகாப்பு மற்றும் தரநிலை வாரியம் அப்படி உருவானதே.

எனவே முதற்பணி, எல்லா இயக்குநிறுவனங்களும் ஒரே வரையறையில் நிகழ்வுகளைப் பதிவு செய்வது. 'மிகை வேகம்' என்பதை ஒருவர் வரம்பைவிட 5 கி.மீ. கூடுதல் என்றும், மற்றவர் 15 கி.மீ. கூடுதல் என்றும் கணக்கிட்டால், இருவரின் எண்களையும் கூட்டிப் பயனில்லை. தவறைத் தாமே தெரிவிக்கும் ஓட்டுநர் உடனே தண்டிக்கப்படுவார் என்ற அச்சம் இருக்கும்வரை தப்பிய நிகழ்வுகள் பதிவேட்டுக்கு வராது. நிர்வாகங்கள் ஒத்துக்கொள்ள மிகவும் தயங்கும் இடம் இதுதான்.

அடுத்தது, விதியை எந்த வடிவில் எழுதுவது என்பது. 'வளைவுக்கு 100 மீட்டர் முன்பு பலகை நடவேண்டும்' என்று எழுதினால் அது ஒரு நகரத்துக்குப் பொருந்தும், இன்னொன்றுக்குப் பொருந்தாது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியை, ஒவ்வொரு நொடியிலும் அதன் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் குறையும் வீதத்தில் 20 கி.மீ.க்குக் கொண்டுவர ஏறத்தாழ 193 மீட்டர் ஓட்டம் தேவை. ஓட்டுநர் பலகையைக் கண்டு பிரேக்கைத் தொட இரண்டு நொடி ஆகும் எனக் கொண்டால் இன்னும் 44 மீட்டர் சேரும். அந்த 100 மீட்டர் பலகையும் அது கண்ணில் படும் தூரமும் இதற்குப் போதாமல் போகலாம். அதனால் 'இருளிலும் மழையிலும், வழக்கமான பிரேக்கில் வரம்பு வேகத்துக்கு இறங்கப் போதுமான தூரத்தில் எச்சரிக்கை தெரியவேண்டும்' என்று விளைவைச் சொல்லி, கணக்கிடும் முறையை இணைப்பில் தருவதே நீடிக்கும். கவிழும் அபாயம் மிகுந்த வளைவுகளில் பலகையோடு நில்லாமல், தானாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியையும் கட்டாயமாக்கலாம்.

எல்லாவற்றுக்கும் இந்தத் தளர்வு கூடாது. சக்கரமும் தண்டவாளமும் சந்திக்கும் இடத்தில் மில்லிமீட்டர் கணக்கே பேசும். சாலையில் பதித்த பள்ளத் தண்டவாளத்தின் பள்ளமும், அதில் இறங்கும் சக்கர விளிம்பும் பொருந்தாவிட்டால் தேய்மானம் கூடும், தடம்புரளவும் வாய்ப்புண்டு. ஆகவே அளவும் தேய்மான எல்லையும் எண்ணாகவே குறிக்கப்பட வேண்டும். டிராமும் பெருந்தட ரயிலும் ஒரே தடத்தைப் பகிரும் இடத்தில், இரண்டுக்கும் ஏற்ற சக்கர வடிவத்தைத் தனியாக வகுக்க நேரும். தீத்தடுப்பு, மோதல் தாங்குதிறன் போன்றவற்றில் ஐரோப்பியத் தரநிலைகள் ஏற்கெனவே உள்ளன: வண்டியின் மோதல் தாங்குதிறனுக்கு இஎன் 15227, தீப்பாதுகாப்புக்கு இஎன் 45545. இவற்றைப் புதிதாக எழுத முயலாமல் மேற்கோளாகச் சுட்டினாலே போதும்.

எழுதும்போது 'வேண்டும்' என்பதையும் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்பதையும் கலந்துவிடாதீர்கள். ஒவ்வொரு விதிக்கும் கீழே அது எந்த ஆபத்தைத் தடுக்க வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். பத்து ஆண்டு கழித்து அதைத் திருத்துபவருக்கு அந்த வரிகள்தாம் கைகொடுக்கும். வரைவுக் குழுவில் பொறியாளர்களோடு ஓட்டுநர்களும் பராமரிப்புப் பணியாளர்களும் இடம்பெற வேண்டும். உற்பத்தியாளரின் கருத்தைக் கேளுங்கள், ஆனால் பேனாவை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய அமைப்புகள் எல்லா விதியையும் உடனே நிறைவேற்ற இயலாது. விலக்கு கேட்பவர் அதற்கு ஈடாக என்ன பாதுகாப்பு செய்வார், எந்த நாள்வரை என்பதை எழுத்தில் தரவேண்டும். இந்த விலக்குகளின் பதிவேட்டை மற்ற இயக்குநிறுவனங்களும் படிக்கத் திறந்து வைக்கவேண்டும். ஒரே விதிக்கு மூன்று நகரங்கள் விலக்கு கேட்டிருந்தால், குழு அடுத்த கூட்டத்தில் அந்த விதியையே முதலில் எடுத்துப் பார்க்கலாம்.